வாய் வழியாக உணவுக்குழாய் ஆபரேஷன்: பயப்படலாமா, நம்பலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. இரண்டு வருடமாகச் சாப்பாடு நெஞ்சிலேயே நிற்கிறது. சில நாள் தண்ணீர்கூட இறங்காது. அசிடிட்டி என்று சொல்லி மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 61 கிலோ இருந்தவள் 52 கிலோ ஆகிவிட்டேன். கடைசியில் மனோமெட்ரி (உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் சோதனை) எடுத்து, ‘அகலேசியா, இரண்டாம் வகை’ என்றார்கள். ஒரு டாக்டர், வாய் வழியாகவே போய் ஆபரேஷன் செய்யலாம், ‘போயம்’ என்று பெயர், தழும்பே இருக்காது என்கிறார். இன்னொரு டாக்டர், வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பிதான் நல்லது என்கிறார். வாய்க்குள் கத்தியை விட்டு உணவுக்குழாயை வெட்டுவார்கள் என்று நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது. ஆனால் ஆறு வயதுக் குழந்தை இருக்கிறாள். வயிற்றில் வெட்டினால் அவளைத் தூக்க முடியாதே என்றும் யோசனை. அப்புறம், என் அக்காவுக்குப் பித்தப்பையில் கல். அதையும் வாய் வழியாக எடுத்துவிட முடியாதா? எதைத் தேர்வு செய்வது என்று சொல்லுங்கள் டாக்டர்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அது விளங்கினால் ஆபரேஷனும் பாதி விளங்கிவிடும், நடுக்கமும் கொஞ்சம் குறையும்.

இரண்டு வருடம் அசிடிட்டி மாத்திரை சாப்பிட்டதை நினைத்து வருந்த வேண்டாம். இந்த நோயாளிகளில் நிறையப் பேர் அந்தப் பாதையில்தான் எங்களிடம் வந்து சேர்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குப் புதிதாக வருகிற நோய் இது. தேங்கிய உணவு புளித்து மேலே வரும், நெஞ்சு வலிக்கும். கேட்கிறவருக்கு அசிடிட்டி மாதிரியேதான் தோன்றும். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: ‘தண்ணீர்கூட இறங்காது.’ குழாயில் ஏதாவது வளர்ந்து அடைத்தால் முதலில் கெட்டியான உணவுதான் நிற்கும். தண்ணீர் நிற்பதற்குப் பல வாரமோ மாதமோ ஆகும். கெட்டியும் நிற்கிறது, நீரும் நிற்கிறது என்றால் குழாயின் இயக்கத்திலேயே கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மனோமெட்ரி அதைத்தான் பார்த்துச் சொன்னது.

உணவுக்குழாய் என்பது சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள சதைக்குழாய். நாம் விழுங்கியதும் மேலிருந்து கீழாக ஓர் அலை ஓடி உணவைத் தள்ளிக்கொண்டு போகும். இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போல ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. மற்ற நேரத்தில் மூடியிருக்கும், விழுங்கும்போது தளர்ந்து வழிவிடும். அந்தத் தசையைத் ‘தளர்’ என்று சொல்லும் நரம்பு செல்கள் குழாயின் சுவருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. அகலேசியாவில் அந்தச் செல்கள் அழிந்துபோகின்றன. சொல்ல ஆளில்லாததால் தசை மூடியபடியே கிடக்கிறது. அலையும் நின்றுவிடுகிறது. சாப்பிட்டது மேலே குவிந்து, அதன் எடையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து இறங்குகிறது.

செத்த நரம்பு செல்லுக்கு உயிர் கொடுக்க எந்த டாக்டராலும் முடியாது. அதனால் அகலேசியாவுக்கான எல்லா சிகிச்சையும் ஒரே வேலையைத்தான் செய்கிறது: மூடிக்கிடக்கும் அந்தத் தசையை ஏதோ ஒரு வழியில் தளர்த்துவது. உங்கள் இரண்டு டாக்டர்களும் வெட்டச் சொல்வது ஒரே தசையைத்தான். ஒருவர் உள்ளேயிருந்து போகிறார், மற்றவர் வெளியேயிருந்து. வெளியேயிருந்து வெட்டும் முறைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் 1913-ல் செய்தது. இன்றும் அவர் பெயரில்தான் ஹெல்லர் ஆபரேஷன் என்கிறோம். இப்போது அதை லேப்ராஸ்கோப்பியில் செய்கிறார்கள்.

இனி போயம். ‘வாய்க்குள் கத்தி’ என்று எழுதியிருக்கிறீர்கள். கத்தி என்றதும் மனதில் வருகிற எதுவும் அங்கே இல்லை. வழக்கமான எண்டோஸ்கோப்பி குழாய்தான். அதன் நுனியில் கண்ணாடி போன்ற ஒரு சின்ன மூடி. குழாய்க்குள்ளிருக்கும் துளை வழியாக ஒரு மெல்லிய கம்பி வரும். அதன் முனை சில மில்லிமீட்டர் நீளம்தான்; மின்சாரம் பாயும்போது மட்டுமே வெட்டும். உங்களுக்கு முழு மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாயில் டியூப் வைத்திருப்பார்கள். எதுவும் தெரியாது.

உணவுக்குழாயின் உட்புறத் தோலுக்கும் தசைக்கும் நடுவே ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. சுருக்குத்தசைக்கு நன்றாக மேலே ஓர் இடத்தில் நீலச்சாயம் கலந்த நீரை ஊசியால் செலுத்துவோம். உட்தோல் கொப்புளம் போல எழும்பும். அதில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கீறி உள்ளே நுழைந்தால் வேறோர் உலகம். நீலம் ஏறிய நூலாம்படை மாதிரி ஒரு திசு. ஒரு பக்கம் வழவழவென்று உட்தோலின் முதுகு, மறுபக்கம் வெள்ளையாகத் தசைநார்கள் வளையம் வளையமாக அடுக்கி வைத்தது போல. நூலாம்படையை விலக்கி விலக்கிக் கீழ்நோக்கி ஒரு சுரங்கம் போடுவோம். சுருக்குத்தசை வந்ததும் சுரங்கம் இறுகும், எண்டோஸ்கோப்பி குழாய் முன்னே போக மறுக்கும். அதையும் தாண்டி இரைப்பைச் சுவருக்குள் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் போய் நிறுத்துவோம். அப்புறம்தான் தசையை வெட்டுவது. நார் நாராக விலகி வழி திறப்பதைத் திரையில் பார்க்கலாம். முடித்து வெளியே வந்து, உணவுக்குழாயின் உள்ளே அதே இடத்துக்குக் குழாயை விட்டால், முன்பு அழுத்திப் பிடித்த இடம் சட்டென்று வழிவிடும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அந்தக் கணம் பழகுவதில்லை. கடைசியாக, நுழைந்த கீறலைச் சின்ன உலோகக் கிளிப்புகளால் மூடிவிடுவோம். அவை சில வாரங்களில் தாமாக உதிர்ந்து மலத்தோடு போய்விடும்.

இதில் ஒரு நுட்பத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். உங்கள் அக்காவைப் பற்றிய கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

உடம்பில் இயற்கையாகவே வாசல்கள் இருக்கும்போது வயிற்றை ஏன் துளைக்க வேண்டும் என்ற கேள்வியை டாக்டர்களும் கேட்டார்கள். வாய் வழியாக இரைப்பைக்குள் போய், இரைப்பைச் சுவரில் துளை போட்டு வயிற்றறைக்குள் நுழையலாம் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பன்றிகளில் செய்து காட்டி 2004-ல் வெளியிட்டார்கள். அதையொட்டிய காலத்திலேயே ஹைதராபாத்தில் டாக்டர் ஜி.வி. ராவும் டாக்டர் நாகேஷ்வர் ரெட்டியும் மனிதர்களுக்கு இரைப்பை வழியாகக் குடல்வாலை எடுத்துக் காட்டினார்கள். 2007-ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ழாக் மாரெஸ்கோவின் குழு ஒரு பெண்ணின் பித்தப்பையைப் பிறப்புறுப்பு வழியாக எடுத்தது. ‘நோட்ஸ்’ (இயற்கை வாசல் வழி ஆபரேஷன்) என்ற பெயரில் அந்த வருடங்களில் மருத்துவ மாநாடுகளில் இதுதான் பேச்சு. இனி தழும்பே இருக்காது என்று நிஜமாகவே நம்பினோம்.

சறுக்கியது எங்கே தெரியுமா? உள்ளே போவதில் இல்லை, வெளியே வந்த பிறகு துளையை மூடுவதில். இரைப்பையில் நாமே போட்ட துளை சரியாக மூடவில்லை என்றால் அமிலமும் கிருமியும் வயிற்றறைக்குள் கசியும், உயிருக்கே ஆபத்து. வளைந்து கொடுக்கும் எண்டோஸ்கோப்பி குழாயை வைத்துக்கொண்டு, லேப்ராஸ்கோப்பியில் போல இரண்டு பக்கமிருந்து இழுத்துப் பிடித்து வெட்டவும் முடியவில்லை. ஒரே கயிற்றின் நுனியில் எல்லா வேலையையும் செய்வது போல. பித்தப்பை அருகில்தான் ஈரலிலிருந்து வரும் பித்தக்குழாய் ஓடுகிறது. அங்கே கை தடுமாறினால் வாழ்நாள் தொல்லை. பிறப்புறுப்பு வழி இவற்றில் பாதுகாப்பானது. ஆனால் அதிலும் பெரும்பாலும் தொப்புளில் ஒரு துளை போட்டுக்கொண்டுதான் செய்தார்கள். பித்தப்பைக்கு அது அன்றாட முறையாக நிலைக்கவில்லை.

போயம் மட்டும் ஏன் நிலைத்தது? சுரங்கத்தால். உட்தோலில் கீறிய இடம் மேலே, தசையில் வெட்டிய இடம் பல சென்டிமீட்டர் கீழே. தசை வெட்டப்பட்ட இடத்தில் உட்தோல் முழுசாக இருக்கிறது. உட்தோல் கீறப்பட்ட இடத்தில் தசை முழுசாக இருக்கிறது. இரண்டு ஓட்டைகளும் நேருக்கு நேர் வராததால் சுரங்கமே ஒரு மூடி மாதிரி படிந்துகொள்கிறது. துளையை எப்படித் தைப்பது என்று எல்லாரும் திணறிக்கொண்டிருந்தபோது, துளை ஒன்றின் மேல் ஒன்று வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று கண்டுகொண்டதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். மனிதர்களுக்கு இதை முதன்முதலில் செய்து நிலைநாட்டியவர் ஜப்பானின் யோகோஹாமாவில் டாக்டர் ஹருஹிரோ இனோவே, 2008-ல்.

அதனால் உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள்: கல் தொல்லை கொடுத்து, எடுக்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொன்னால், வழக்கமான லேப்ராஸ்கோப்பியே போதும். அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் அளவில் சில துளைகள், அவ்வளவுதான். கல் மட்டும் பித்தப்பையிலிருந்து நழுவிப் பித்தக்குழாயில் மாட்டிக்கொண்டால் அதை வாய் வழியாக எண்டோஸ்கோப்பியில் எடுப்போம். பித்தப்பையையே வாய் வழியாக எடுப்பது வேறு விஷயம். இரண்டையும் குழப்பிக்கொண்டு சிலர் ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார்கள்.

வாசல் வழி வைத்தியம் என்றாலே புதுமோகம் என்றும் நினைக்க வேண்டாம். சிறுநீர்ப் பாதை வழியாகப் புராஸ்டேட்டைச் செதுக்குவதும், பிறப்புறுப்பு வழியாகக் கர்ப்பப்பையை எடுப்பதும், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் கட்டியை மூக்கு வழியாக எடுப்பதும் பல காலமாக நடப்பவை.

சரி, உங்களுக்கு எது?

2019-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில் 221 அகலேசியா நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் போயமும் மறு பாதிக்கு லேப்ராஸ்கோப்பி ஹெல்லரும் செய்தார்கள். இரண்டு வருடம் கழித்து நன்றாக விழுங்கியவர்கள் போயத்தில் 83 சதவீதம், ஹெல்லரில் 82 சதவீதம். சமம் என்றே சொல்லலாம். பெரிய சிக்கல்கள் போயத்தில் 2.7 சதவீதம், ஹெல்லரில் 7.3 சதவீதம்.

இதுவரைக்கும் போயம் பக்கம்தான் தராசு சாய்கிறது. ஆனால் இரண்டு வருடம் கழித்து எண்டோஸ்கோப்பியில் பார்த்தபோது, அமிலம் மேலேறி உணவுக்குழாய் புண்பட்டிருந்தவர்கள் போயத்தில் 44 சதவீதம், ஹெல்லரில் 29 சதவீதம். காரணம் எளிது. மூடிக்கிடந்த வாசலைத் திறந்துவிட்டோம். உணவு கீழே போக வழி கிடைத்தது போல அமிலம் மேலே வரவும் வழி கிடைத்தது. லேப்ராஸ்கோப்பியில் தசையை வெட்டியதும் இரைப்பையின் மேல்பகுதியை இழுத்து, குழாயைச் சுற்றி ஓரளவு மடித்துத் தைத்துவிடுவார்கள். அது தடுப்பு போல நிற்கும். போயத்தில் வழக்கமாக அது கிடையாது. ‘தழும்பே இருக்காது’ என்று சொன்ன டாக்டர் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தப் புண் பலருக்கு எரிச்சலே தராது என்பதுதான் எனக்குக் கவலை. என்னிடம் போயம் செய்துகொண்ட ஒருவர், ‘நல்லா சாப்பிடுறேன், எதுக்கு வரணும்’ என்று இரண்டு வருடம் வரவில்லை. வேறு காரணத்துக்காக வந்தபோது உள்ளே பார்த்தால் குழாயின் அடிப்பகுதி முழுக்கப் புண். அவருக்கு ஒரு நாள்கூட நெஞ்செரிச்சல் வந்ததில்லையாம். மாத்திரையில் ஆறிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து, ஒழுங்காக வந்து எண்டோஸ்கோப்பி பார்த்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுக்காதவருக்கு நான் போயம் செய்வதில்லை.

மூன்றாவது வழி ஒன்றையும் உங்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை: பலூன். எண்டோஸ்கோப்பி உதவியோடு 30 அல்லது 35 மில்லிமீட்டர் பலூனைச் சுருக்குத்தசையில் வைத்து ஊதித் தசைநார்களைக் கிழிப்பது. இரண்டாம் வகை அகலேசியா இதற்கும் நன்றாகவே அடங்கும், அமிலத் தொல்லையும் குறைவு. குறை என்னவென்றால் பலருக்குத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரும். 40 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அவ்வளவு நாள் நிற்பதில்லை. ஊதும்போது குழாய் கிழிந்துபோகும் சின்ன ஆபத்தும் உண்டு. உங்கள் வயதில் இதை முதல் தேர்வாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டும். எந்த ஆபரேஷனுக்குப் பிறகும் தசை மறுபடி இறுகினால் இது கைகொடுக்கும்.

அகலேசியாவில் மூன்று வகை உண்டு. மூன்றாம் வகை என்றால் யோசிக்கவே தேவையில்லை, போயம்தான். அதில் சுருக்குத்தசைக்கு மேலே உள்ள குழாயும் இழுத்துப் பிடிக்கும். சுரங்கத்தை வேண்டிய நீளத்துக்குப் போட்டு வெட்டலாம். உங்களுக்கு இரண்டாம் வகை. எந்த வழியிலும் நன்றாகத் தேறுகிற வகை இதுதான். அதனால் முடிவு வேறு இரண்டு விஷயங்களில் இருக்கிறது. எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் ஒரு பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்கு மேலே ஏறியிருக்கிறது என்று எழுதியிருந்தால் லேப்ராஸ்கோப்பி பக்கம் போங்கள். அதையும் சேர்த்துச் சரிசெய்துவிடலாம். அப்படி எதுவும் இல்லை, அமில மாத்திரையும் வருடக்கணக்கில் கண்காணிப்பும் பரவாயில்லை என்றால் போயம் நல்ல தேர்வு. ‘மாத்திரையே வேண்டாம், முடிந்தவரை அமிலம் ஏறக்கூடாது’ என்றால் இரண்டாவது டாக்டர் சொன்னதே உங்களுக்குப் பொருந்தும். தழும்பை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஒரு வருடத்தில் மங்கிவிடும். உணவுக்குழாய் இன்னும் நாற்பது, ஐம்பது வருடம் உழைக்க வேண்டும்.

இன்னொன்றும் கேளுங்கள். செய்யப்போகிற டாக்டரிடம், ‘நீங்கள் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள், வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், உட்தோல் கிழிந்தாலோ ரத்தம் வந்தாலோ என்ன செய்வீர்கள்’ என்று நேராகவே கேட்கலாம். கோபித்துக்கொள்கிறவரிடம் போக வேண்டாம். பழகிய கையில் ஹெல்லர், பழகாத கையில் போயம் என்று இருந்தால் நான் யோசிக்காமல் ஹெல்லர் பக்கம்தான் போகச் சொல்வேன்.

குழந்தையைத் தூக்குவது பற்றி: போயத்துக்குப் பிறகும் உடனே தூக்க முடியாது. வெளியே தையல் இல்லையே தவிர உள்ளே வெட்டியிருக்கிறது. ஓரிரு வாரம் கனமானது எதுவும் தூக்காதீர்கள். லேப்ராஸ்கோப்பி என்றால் இன்னும் சில வாரம் கூடும். அவள் உங்கள் மடியில் ஏறி உட்காரலாம், அதற்குத் தடையில்லை.

போயம் முடிந்த அன்று கழுத்துத் தோலுக்கடியில் காற்று சேர்ந்து, தொட்டால் நொறுநொறுவென்று இருக்கலாம். உள்ளே ஊதுவது கரியமில வாயு என்பதால் அது தானாகக் கரைந்துவிடும். நெஞ்சு வலியும் ஓரிரு நாள் இருக்கும். காய்ச்சல், மூச்சு வாங்குவது, வலி ஏறிக்கொண்டே போவது, கறுப்பு மலம் என்றால் மட்டும் ஒரு நிமிடம் தாமதிக்காதீர்கள். பெரும்பாலும் மறுநாள் சாயம் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுப்பார்கள். கசிவு இல்லை என்றால் முதலில் நீர், பிறகு ஓரிரு வாரம் குழைவான உணவு.

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது ஒரு பெண்ணின் நினைவு வருகிறது. ஆறு வருடம் அகலேசியாவோடு இருந்தவர். ஒவ்வொரு வாய்க்கும் நெஞ்சில் கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அது இறங்கும்வரை காத்திருப்பது அவர் வழக்கம். மறுநாள் எக்ஸ்ரே முடிந்து முதல் தம்ளர் தண்ணீரைக் குடித்தார். தம்ளர் காலியாகிவிட்டது, கை மட்டும் நெஞ்சிலேயே இருந்தது. ‘இறங்கிடுச்சா டாக்டர்?’ என்று என்னைக் கேட்டார்.

அவருக்கும் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன்: வாசல் திறந்தாலும் அலை திரும்பாது. பெரும்பாலானவர்களுக்கு உணவு அதன் எடையாலும் தண்ணீரின் துணையாலும்தான் இறங்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, மென்று, நடுநடுவே தண்ணீர் குடித்துச் சாப்பிடுவது இனி உங்கள் பழக்கமாகட்டும்.

ஆபரேஷன் நாள் வரும்வரை ஒரு காரியம் செய்யுங்கள். இரவு உணவைப் படுப்பதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள்; கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்துத் தூங்குங்கள். குழாயில் தேங்கியது தூக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலில் சளிக்காய்ச்சல் வந்துவிடும். இரவில் இருமி எழுந்தாலோ, தலையணை நனைந்திருந்தாலோ இரண்டு டாக்டர்களில் யாரிடமாவது அன்றே சொல்லிவிடுங்கள். மயக்க மருந்து கொடுப்பவருக்கும் அது தெரிய வேண்டும். எத்தனை நாள் முன்பிருந்து நீராகாரம் மட்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.